விழா எடுக்கப்படுபவர்

பிறந்தநாள் காணும் ஒருவரைப் பிரெஞ்சு மொழியில் எவ்வாறு அழைப்பது? கனடாவின் கியூபெக் மாநிலத்தில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த நண்பருக்கு வாழ்த்துமடல் எழுத அமர்ந்தபோது இவ்வினா எம்மை மறித்தது. முந்திய இரண்டு ஆண்டுகள் நாம் அவருக்கு எழுதவில்லை. அந்த உறுத்தலில், சொல்லாவது சரியாக இருக்கட்டும் என்று அகராதியைப் புரட்டினோம்.

பிரான்சு நாட்டவர் பெரும்பாலும் 'இன்று எவருடைய பிறந்தநாளோ அவர்' என்று சுற்றிவளைத்தே சொல்கின்றனர். பிறந்தநாளுக்கு அவர்கள் வழங்கும் 'அனிவெர்சேர்' என்ற சொல்லுக்கே 'ஆண்டுதோறும் திரும்பி வருவது' என்பதுதான் பொருள். மணநாளுக்கும் மரித்த நாளுக்கும் அதுவே பொருந்தும். கியூபெக் மக்களோ 'விழா' எனப் பொருள்படும் 'ஃபேத்' என்ற சொல்லால் பிறந்தநாள் வாழ்த்துக் கூறுவர். அதே வாழ்த்தைப் பிரான்சில் கூறினால், அது பெயர்கொண்ட புனிதரின் திருநாளைக் குறிக்கும். 1803-ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைகளின் பெயர்களை நாட்காட்டிகளில் உள்ளவற்றோடும் பண்டைய வரலாற்று மாந்தரின் பெயர்களோடும் நிறுத்தி வைத்திருந்த நாடு அது. 1993-இல்தான் பெற்றோருக்குத் தாம் விரும்பும் பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது.

பிறந்தநாளைக் குறித்துத் தொடக்கத் திருச்சபைக்குத் தயக்கம் இருந்தது. மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஒரிஜன், மறைநூலில் பிறந்தநாள் கொண்டாடியோர் பார்வோனும் ஏரோதுமே எனச் சுட்டினார். முதல் விருந்தில் அப்பம் சுடுவோன் தூக்கிலிடப்பட்டான். இரண்டாவதில் திருமுழுக்கு யோவானின் தலை தட்டில் வந்தது. மறைசாட்சியர் உயிர்நீத்த நாளையே அவர்தம் 'பிறந்தநாள்' என்றனர் நம் முன்னோர். எனினும், ஆண்டவர், அன்னை மரியா, அதே திருமுழுக்கு யோவான் ஆகிய மூவரின் மண்ணுலகப் பிறப்பையும் திருச்சபை விழாவாகக் கொண்டாடுகிறது.

அகராதி இரு சொற்களைத் தந்தது. ஒன்று 'ழுபிலேர்', யூபிலி காண்பவர். லேவியர் நூல் கூறும் ஐம்பதாம் ஆண்டின் கொம்பொலி அதில் இன்னும் கேட்கிறது. ஆனால் அதற்கு நிறைவுபெற்ற ஆண்டுக் கணக்கு வேண்டும். அதில் தகுதியின் வாடை சற்று உண்டு. நம் 'விழா நாயகர்' என்பதும் இத்தகையதே. (அச்சொல்லைக் கேட்டவுடன் நமக்குச் சுவரொட்டிதான் நினைவுக்கு வருகிறது.) மற்றொன்று 'ஃபேத்தே', 'விழா எடுக்கப்படுபவர்' என்னும் செயப்பாட்டுச் சொல்.

பிறப்பதில் எவருக்கும் சாதனை இல்லை. நாம் பிறக்கவில்லை, பிறப்பிக்கப்பட்டோம். ஆகையால் செயப்பாட்டுச் சொல்லே உண்மையானது என எண்ணி மகிழ்ந்தோம். ஆயினும் அதிலும் ஓர் இடர் உண்டு. விழா எடுக்க எவருமில்லாதவர் ஃபேத்தே ஆவாரா? நம் நண்பருக்கு நினைவு தவறியிருந்தது. அது தம்முடைய நாள் என்பதையே அவர் அறியார். இலக்கணப்படி, யாரேனும் வந்தால்தான் அவருக்கு அப்பெயர். வாராது போனால் குறை அவருடைய பிறப்பில் இல்லை. வினை செய்ய வேண்டியவரிடத்தில், அதாவது அவ்விரண்டு ஆண்டுகளும் நம்மிடத்தில் இருந்தது.

அச்சொல்லையே எழுதி அனுப்பினோம். மடல் இரண்டு நாள் பிந்திச் சேர்ந்ததாம். பணிப்பெண் ஒருவர் அதை உரக்க வாசித்தாராம். நண்பர் சிரித்துவிட்டு, விழா யாருக்கு என்று கேட்டாராம்.