பணிப்பெண்ணின் பெயர்

சீன மொழி எனக்குத் தெரியாது. சாவ் சுவேசின் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவலை ஆங்கிலத்தில்தான் வாசித்தேன். டேவிட் ஹாக்ஸின் மொழிபெயர்ப்பு. முதல் தொகுதி 1973இல் பெங்குவின் வெளியீடாக வந்தது. அதில் வீட்டுப் பிள்ளைகள் சீனப் பெயர்களோடே உலவுகிறார்கள்: பாவ்யூ, தாய்யூ, பாவ்சாய். பணிப்பெண்களின் பெயர்கள் பொருள் பெயர்க்கப்பட்டிருக்கின்றன. ஷீரென் 'அரோமா' ஆகிறாள், சிங்வென் 'ஸ்கைபிரைட்'.

வசதிதான். அத்தனை பாத்திரங்களுக்குள் யார் யாரென்று குழம்பாமல் வாசிக்கலாம். ஆனாலும் உறுத்தியது. எசமானிக்கு ஒலி, வேலைக்காரிக்குப் பொருளா? தாய்யூவின் பெயரிலும் மணிக்கல் இருக்கிறதே!

பெய்ஜிங்கிலிருந்து 1978 முதல் 1980 வரை வந்த யாங் சியன்யி, கிளாடிஸ் யாங் தம்பதியின் மொழிபெயர்ப்பில் ஷீரென் ஷீரெனாகவே இருக்கிறாள். இதுவே நியாயம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவள் குடும்பப்பெயர் 'ஹுவா', அதாவது பூ. அதைக் கேட்டதும் பழைய கவிதை வரியொன்று நினைவுக்கு வர, பாவ்யூ அவளுக்குப் புதுப்பெயர் சூட்டிவிடுகிறான். அவன் ரசனைக்கு அவள் பெயர் ஒரு விளையாட்டு. ஒலியை மட்டும் காப்பாற்றினால் வாசகியின் காதில் அந்த உடைமைத்தனம் விழாது. ஹாக்ஸின் ஓரவஞ்சனை அந்த வீட்டின் ஓரவஞ்சனையையே காட்டிக்கொடுக்கிறது, அவர் நினைத்துச் செய்தாரோ இல்லையோ.

ஷியாங்லிங்கின் கதை இன்னும் கடினம். பிறந்தபோது இங்லியென். விளக்குத் திருவிழா இரவில் கடத்தப்பட்டு, வளர்க்கப்பட்டு, விற்கப்பட்டவள். ஊரும் பெற்றோரும் அவளுக்கு நினைவில்லை. 'ஷியாங்லிங்' பாவ்சாய் வைத்த பெயர். பிறகு அவளை வாங்கியவனின் மனைவி வருகிறாள். நீர்ச்செடியின் பூவுக்கு ஏது மணம் என்று ஏளனம் செய்து, 'மணம்' என்ற எழுத்தை எடுத்துவிட்டு 'இலையுதிர்காலம்' என்று மாற்றுகிறாள். மணம் உண்டு என்று ஷியாங்லிங் வாதாடுகிறாள். ஆனால் பெயர்மாற்றத்துக்கு மறுப்புச் சொல்லவில்லை. மறுக்கும் இடமும் அவளுக்கு இல்லை. நாவலாசிரியரும் முதல் சில அத்தியாயங்களுக்குப் பிறகு அவளை அநேகமாக இங்லியென் என்று அழைப்பதில்லை. மொழிபெயர்ப்பாளரை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

அவள் தாய்யூவிடம் கவிதை கற்கும் நாற்பத்தெட்டாம் அத்தியாயத்தை வகுப்புக்காகத் தமிழாக்கத் தொடங்கினேன். நிலவைப் பாடி இருமுறை தோற்கிறாள். சாப்பாடு தூக்கம் மறந்து யோசித்து, மூன்றாவது கவிதையைக் கனவில் கண்டடைகிறாள். அவள் பெயர் வரும் இடங்களையெல்லாம் கோடிட்டு விட்டிருக்கிறேன். எதை நிரப்புவது என்று மாணவிகளிடம் கேட்டேன். ஒருத்தி, "அவளுக்கே ஞாபகமில்லாட்டாலும் இங்லியென்னுதான் போடணும் மேடம்" என்றாள். பின்வரிசையிலிருந்து மறுப்பு வந்தது: "அப்போ நாமளும்தானே அவளைக் கேக்காம பேர் வைக்கிறோம்?"

கோடுகள் அப்படியே இருக்கின்றன.