சாம்பிராணிச் சட்டியும் நாற்பது நாள் குழந்தையும்

 

வியாழன் மாலை மக்ரிபுக்குப் பிறகு நம்மவர் வாழும் தெருவில் நடந்து போனால், எது நம்மவர் வீடு என்று விசாரிக்க வேண்டியதில்லை. சாம்பிராணி வாசமே வழிகாட்டிவிடும். மௌலிது மஜ்லிஸ், பிள்ளைக்குப் பெயர் சூட்டுதல், புதுமனை புகுதல், மய்யித்தைக் கஃபனிடுதல் என்று நன்மைக்கும் துக்கத்துக்கும் அந்தச் சட்டி நம்முடன் வருகிறது. ஃபாத்திஹா ஓதலாமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நாம் இன்று நுழையப் போவதில்லை. அதை எழுதுகிறவர்கள் போதும் போதுமென்ற அளவுக்கு எழுதிவிட்டார்கள். நாம் பேச வந்தது சட்டிக்குள் இருக்கும் நெருப்பைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் திருவள்ளூரையடுத்த மணவாள நகரில் ஒரு வீட்டுக்கு நம்மை அழைத்திருந்தார்கள். ஆலை வேலைக்குச் செல்வோர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று. பத்துக்குப் பத்து அறை. அதன் ஒரு மூலையிலேயே கேஸ் அடுப்பும் சிலிண்டரும். பிறந்து நாற்பது நாளான பெண் குழந்தைக்காக ஓத வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கொசுவுக்கு அஞ்சி ஜன்னலை அடைத்திருந்தார்கள். உள்ளே பன்னிரண்டு பேர் இருந்தோம். பிளாஸ்டிக் பாயின் மீதே சாம்பிராணிச் சட்டி. ஓதிக்கொண்டிருக்கும்போது புகை தணிந்ததாகத் தோன்றவே, "இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா" என்று சொன்னது வேறு யாருமல்ல, நாமேதான். குழந்தையின் பாட்டியார் ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

அழுதுகொண்டிருந்த குழந்தை இருமியது. பிறகு இருமலும் அடங்கியது. தூங்கிவிட்டது என்று நினைத்துத் துஆவைத் தொடர்ந்தோம். பக்கத்து வீட்டு அம்மாள்தான், "புள்ளைக்கு மூச்சு சரியில்லையே!" என்று அதை வாரியெடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காற்றுப் பட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. அல்ஹம்துலில்லாஹ்! மருத்துவமனையில் ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். மறுநாள் நலம் விசாரிக்கச் சென்றபோது அந்தப் பாயைக் காட்டினார்கள். எட்டணா அளவுக்கு ஒரு கரிந்த ஓட்டை. பொறி தெறித்ததை யாருமே கவனிக்கவில்லை.

அந்த ஓட்டையைப் பார்த்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அமர்ந்திருந்த சிறு பாயின் மீது எலியொன்று எரியும் விளக்குத் திரியை இழுத்து வந்து போட்டது. பாயில் ஒரு திர்ஹம் நாணயத்தின் அளவு கருகிப் போனது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உறங்கப் போகுமுன் விளக்குகளை அணைத்துவிடுமாறு அண்ணலார் அப்போது கட்டளையிட்டார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் ஆட்களோடு தீப்பற்றிக்கொண்ட செய்தி வந்தபோது, இந்த நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும்போது அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் எச்சரித்ததை அபூமூஸா (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் காண்கிறோம். இத்தனை தெரிந்திருந்தும் அன்று அந்த அறையில் நாம் என்ன செய்தோம்?

சாம்பிராணியால் பெருந்தீ வருமா என்று சிலர் கேட்கலாம். கஅபாவுக்கே வந்திருக்கிறது! குறைஷியர் காலத்தில் ஒரு பெண் கஅபாவுக்கு நறும்புகை காட்டியபோது, கங்கிலிருந்து பொறி பறந்து திரையில் பற்றிக் கட்டடமே எரிந்தது என்று இமாம் ஸுஹ்ரீ, அஸ்ரகீ போன்றோர் அறிவித்திருக்கிறார்கள். பின்னர் வெள்ளமும் சேர்ந்து சுவர்கள் நலிந்து போகவே குறைஷியர் இடித்துக் கட்டினார்கள். ஹஜருல் அஸ்வதை யார் வைப்பது என்று கோத்திரங்கள் வாளை உருவ நின்றதும், பெருமானார் (ஸல்) அவர்கள் தம் 35-ஆம் வயதில் துணியை விரித்து அப்பிணக்கைத் தீர்த்ததும் நாம் பிள்ளைப் பருவத்திலிருந்தே கேட்டு வரும் வரலாறு. அந்த வரலாற்றின் முன்பக்கத்தில் ஒரு சாம்பிராணிப் பொறி இருப்பதை நம் பயான்களில் சொல்வதில்லை.

நறுமணத்தை நாம் குறை கூறவில்லை. மஸ்ஜிதுந் நபவியில் மணப்புகை இட்டு வந்ததால்தான் நுஐம் என்பவருக்கு 'அல்முஜ்மிர்' என்ற பெயரே வந்தது. இப்னு உமர் (ரலி) அவர்கள் அகில் கட்டையைத் தனியாகவும், சில வேளை கற்பூரம் சேர்த்தும் புகைத்துவிட்டு, இது நாயகத்தின் வழக்கம் என்று கூறியதை முஸ்லிம் ஷரீஃபில் காணலாம். ஆனால் அவர்கள் விரும்பியது மணத்தை. நாமோ கண் எரிந்து முகம் தெரியாத அளவுக்குப் புகை எழும்பினால்தான் பரக்கத் இறங்கும் என்று எண்ணிக்கொண்டோம். பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றவர் பள்ளிக்கு வரவேண்டாம் என்று தடுத்த மார்க்கமல்லவா இது? அடுத்தவருக்குச் சங்கடம் தரும் வாடைக்கே அந்தத் தடை என்றால், ஆஸ்துமாக்காரர் நெஞ்சை அடைக்கும் புகைக்கு நாம் என்ன சமாதானம் சொல்வது?

புகையாவது கண்ணுக்குத் தெரிகிறது. கரிக் கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி, பிறகு உறக்கம் போன்ற மயக்கம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் கரியடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கிய இரு இளைஞர்கள் எழவேயில்லை. சாம்பிராணிச் சட்டியில் கரி குறைவுதான். ஆனால் அடைத்த சிறிய அறையும் அதற்குள் ஒரு பச்சிளங்குழந்தையும் என்றால் அந்தக் 'குறைவு' போதும். பெரியவர்களைப் போலன்றிச் சிசு நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. அறையிலுள்ளதை அவ்வளவு வேகமாக உள்ளே இழுக்கிறது.

தாய்மார்களே, உங்களுக்கென்று ஒரு சொல். குழந்தையைக் குளிப்பாட்டித் தலை காய்வதற்குச் சாம்பிராணிப் புகை காட்டும் பழக்கம் மதபேதமின்றி நம் நாடெங்கும் உள்ளது. பாட்டிமார் அன்பினால் செய்வது. ஆயினும் குழந்தை மருத்துவர்கள் வேண்டாமென்கிறார்கள். மெல்லிய துணியால் ஒற்றினால் அந்தச் சிறு தலை காய்ந்துவிடும். பிள்ளை பெற்றவள் கூந்தலை விரித்துக் கூடையின் மேல் போட்டுப் புகை பிடிப்பதும் ஆபத்தே. நைலான் துப்பட்டா பற்றினால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

இனி, போட விரும்புவோர் எப்படிப் போடுவது? சட்டியின் அடியில் இரண்டு விரற்கடை மணலோ சாம்பலோ பரப்புங்கள். சூடு கீழே இறங்காது. கொட்டாங்கச்சிக் கரியை வெளியிலேயே மூட்டி, மேலே வெண்சாம்பல் பூக்கும் வரை பொறுத்திருங்கள். தீக்குச்சி வைத்ததும் சடசடவென்று பற்றும் வட்டக் கரியில் வெடியுப்பு கலந்திருக்கும், பொறி பறக்கும். ஆகவே அதை உள்ளே பற்ற வைக்கவே கூடாது. கங்கு தகதகவென்று இருக்கும்போது போட்டால் சாம்பிராணி கருகிக் கரும்புகைதான் வரும். சாம்பல் மூடியபின் இரண்டு மூன்று குருணை போட்டால் உருகி மணக்கும். சுமத்திராவின் மரத்துப் பாலானாலும், ஓமானின் ழுஃபார் நாட்டுக் குந்துருக்கமானாலும் இதுவே முறை. மலிவான சரக்கில் வேறு பிசின்கள் கலப்பதால் நெடி அதிகம். கம்ப்யூட்டர் சாம்பிராணி என்ற கிண்ணத்திலும் எரிவது கரித்தூளே. சட்டியில்லை என்பதற்காக நெருப்பில்லை என்று ஆகிவிடாது.

சட்டியைக் கல்லின் மீதோ ஓட்டின் மீதோ வையுங்கள். பாய், திரை, கட்டில், சிலிண்டர் எதுவும் அருகில் வேண்டாம். கேஸ் வாடை தெரிந்தால் நெருப்புப் பேச்சே கூடாது. 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தையும் மூச்சுக் கோளாறு உள்ளவர்களும் வெளியே இருக்கட்டும். ஸ்பிரிட் கலந்த சென்ட்டை அதனருகே தெளிக்காதீர்கள். தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மாவும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம்.

இவ்வளவு ஜாக்கிரதை தவக்குலுக்கு ஏற்குமா என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். 1997 ஏப்ரல் 15-இல் மினாவில் கூடாரங்கள் தீப்பிடித்து 343 ஹாஜிகள் மாண்டபின், தீப்பற்றாத கூடாரங்கள் அமைத்தார்கள். கேஸ் அடுப்பைத் தடை செய்தார்கள். அக்கூடாரங்களில்தான் இன்று ஹாஜிகள் தங்கித் தல்பியா முழங்குகிறார்கள் என்று பதில் சொன்னோம்.

மணவாள நகர் வீட்டுக்கு அண்மையில் மீண்டும் சென்றோம். சட்டியை வாசற்படிக்கு வெளியே, ஒரு செங்கல்லின் மீது வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தார்கள். குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. பாட்டியார் மட்டும் மனம் ஆறாமல், "ஹஜ்ரத், ஓதின சாம்பலாச்சே, குப்பையில கொட்டலாமா?" என்று கேட்டார். சாம்பலுக்குள் கங்கு பல மணி நேரம் உயிரோடிருக்கும். அப்படியே குப்பைக் கூடையில் கொட்டத்தான் கூடாது. வெளியே வைத்துத் தள்ளி நின்று தண்ணீர் ஊற்றி, முற்றும் குளிர்ந்தபின் செடிக்குப் போடுங்கள் என்றோம். முருங்கைக்குப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.