கல்லிடம் பட்ட கடன்

இத்தாலியின் பாதுவா நகரில், எரெமிதானி தேவாலயத்தின் சுவரோவியங்கள் 1944 மார்ச்சில் விழுந்த குண்டில் தூளாகின. 80,000க்கும் மேற்பட்ட துணுக்குகளைப் பொறுக்கி வைத்திருந்தார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு துணுக்கும் எங்கே இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கப் பின்னாளில் ஓர் அல்காரிதம் எழுதினார்கள். தொழில் ஆர்வத்தில் அதைப் படிக்கப் போனவன், ஓவியத்தை வரைந்த ஆண்ட்ரியா மாண்டென்யாவிடம் மாட்டிக்கொண்டேன். அவர் எழுப்பும் கேள்வி எளிதானது: நாம் கற்றதற்கு யாரிடம் கடன்பட்டிருக்கிறோம்?

மாண்டென்யா தச்சர் ஒருவரின் மகன். சிறுவயதிலேயே பாதுவாவில் ஸ்க்வார்ச்சோனே என்பவரின் பட்டறைக்கு வந்துவிட்டார். ஸ்க்வார்ச்சோனே தையலும் பூவேலையும் செய்துகொண்டிருந்து ஓவியத்துக்கு வந்தவர். பெரிய ஓவியர் என்று சொல்ல முடியாது. ஆனால் பழங்காலச் சிலைகளையும் அவற்றின் வார்ப்புகளையும் சேர்த்து வைத்திருந்தார். பையன்கள் அவற்றைப் பார்த்து வரைந்து பழகினார்கள். ரோமானிய வளைவும் கவசமும் மடிப்பு மடிப்பான உடையும் பாதுவா ஓவியத்துக்குள் வந்த வழிகளில் இந்தப் பட்டறை முக்கியமானது.

இதில் ஒரு விஷயம் உண்டு. மாண்டென்யாவை அவர் சுவீகாரம் எடுத்திருந்தார். மகன் என்றால் உழைப்புக்குக் கூலி கேட்க முடியாது, இல்லையா? 1448இல், பதினேழு வயது இருக்கும்போது, மாண்டென்யா கணக்குக் கேட்டார். ஓர் உடன்படிக்கை எழுதிப் பிரிந்தார்கள். அது எழுதப்பட்டபோது அவர் மைனர் என்பதால், 1456இல் வெனிஸ் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

ஸ்க்வார்ச்சோனே பக்கம்தான் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பாசத்தைப் பத்திரமாக எழுதி உழைப்பை எடுத்துக்கொள்வது சுரண்டல்தான். ஆனால் பத்திரம் ரத்தானதும் கடனும் ரத்தாகிவிட்டதா? இங்கேதான் எனக்கு இடறுகிறது.

மாண்டென்யா வாழ்நாள் முழுக்கப் பழைய ரோமைக் கொண்டாடினார். 1464இல் நண்பர்களோடு கார்தா ஏரிக்கரையில் ரோமானியக் கல்வெட்டு தேடி அலைந்திருக்கிறார். அந்த மரியாதை உண்மையானது. அது சுலபமானதும்கூட. செத்துப்போன ரோம் பில் அனுப்பாது, வழக்குப் போடாது, கல்யாணத்துக்குக் கோபித்துக்கொள்ளாது. உயிரோடிருக்கும் வாத்தியார் இத்தனையும் செய்வார். மாண்டென்யா யாக்கோபோ பெல்லினியின் மகளைக் கட்டியதில் ஸ்க்வார்ச்சோனே கடுப்பானார் என்று வசாரி எழுதுகிறார்.

என் தொழிலிலும் இதே கதைதான். டூரிங், டென்னிஸ் ரிச்சி பெயர்களை மேடையில் பக்தியோடு சொல்வோம். தினமும் நாம் இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைப் பராமரிப்பவர் யாரென்று பார்க்கக்கூட மாட்டோம். அவர் உயிரோடிருக்கிறார், அவருக்குக் காசு தேவைப்படும். முன்னோரைக் கும்பிடுவது சில சமயம் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்காமல் தப்பிக்கும் வழியாகிவிடுகிறது.

வசாரி சொல்லும் இன்னொரு செய்தி: அந்தத் தேவாலய ஓவியங்களைப் பார்த்த ஸ்க்வார்ச்சோனே, இவை மனிதர்கள் அல்ல, கற்சிலைகள் என்று பழித்தார். கல்லுக்குச் சதையின் மென்மை கிடையாது, இவற்றுக்குப் பளிங்கு நிறமே பூசியிருக்கலாம் என்றாராம். பொறாமையில் வந்த பேச்சாகவே இருக்கட்டும். அது மாண்டென்யாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அதன்பின் உயிருள்ள மனிதர்களைப் பார்த்து வரையத் தொடங்கினார் என்கிறார் வசாரி. நூறு வருஷம் கழித்து எழுதிய கதை, கொஞ்சம் ஜோடித்திருக்கலாம். ஆனால் மிலானின் பிரெரா கூடத்தில் உள்ள இறந்த கிறிஸ்து ஓவியம் எனக்கு அதைத்தான் காட்டுகிறது. கிடத்தியிருக்கும் உடல் கல்லாக இறுகியிருக்கிறது. ஓரத்தில் அழும் முகங்களோ சுருங்கிக் கசங்கிய சதை. ரோம் கொடுத்ததும் வாத்தியார் கொடுத்ததும் ஒரே படத்தில் இருக்கின்றன.

1506இல், கடன் நெருக்கடியில், தான் உயிராகப் போற்றிய ஃபாஸ்டினாவின் பழங்காலப் பளிங்குச் சிலையை மாண்டென்யா இசபெல்லா தெஸ்தேவுக்கு விற்றார். அதே ஆண்டு இறந்தார். பளிங்கை விற்க முடிந்தது. வாத்தியாரிடம் கற்றதை விற்கவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது. எந்த நீதிமன்றமும் கேட்காத கடன் அது. கேட்க ஆளில்லாததால்தான் அதை நாமாகவே நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கொடுத்தவர் நமக்குப் பிடிக்காதவராக இருந்தாலும்.