திரும்பி வந்தவர்

தொல்லை கொடுத்தவர் வேலையை விட்டுப் போனதும், அவர் தந்த பயம் கூடவே போய்விடுவதில்லை. அவர் திரும்பி வரும் நாளில்தான் அது தெரியும்.

கென்யத் தேயிலைத் தோட்டங்களில் பெண்கள் பட்ட பாலியல் கொடுமைகளை 2023 பெப்ரவரியில் பிபிசி வெளிக்கொணர்ந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் 2024இல் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இயக்குநராகத் தெரிவானார். அங்கே தேயிலை வாங்குவதில்லை என்று லிப்டன் அறிவித்தது. வாங்குபவர் காட்டிய அந்தக் கண்டிப்பை நிர்வாகங்கள் முதலிலேயே காட்டியிருக்க வேண்டும்.

இலங்கையில், மொனராகலையில் இறப்பர் பால் வெட்டும் பெண்ணுக்கும் பதுளையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் வேலையும் லயமும் பெரும்பாலும் ஒரே தோட்டத்தில். விலகிப் போக இடமில்லை. தொல்லை கொடுத்த பழைய கங்காணி மறுபடி நிறுவைக்கு வந்து நின்றால், “பொறுத்துக்கொள்” என்று அவளிடம் சொல்வது அநியாயம். அவளைத் தனியே விடாதிருப்பது கூட வேலை செய்பவர்களின் பொறுப்பு. அவரை அவளுக்கு மேலே வைக்காதிருப்பது நிர்வாகத்தின் கடமை.

சட்டமும் அவள் பக்கம்தான். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவரின் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்குகிறது. ஐந்தாண்டு வரை சிறை.

தேதியையும் நடந்ததையும் எழுதி வையுங்கள். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938.