தோல்வி யாருடையது?
மீள்சத்திரசிகிச்சை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மருத்துவத் துறையில் வழங்கும் சொற்களுட் சில, உடலின் நிலையைக் குறிப்பதோடு அமையாது, மனிதனின் ஒழுக்கத்தையும் மறைமுகமாக மதிப்பிடுகின்றன. ‘தோல்வி’ அத்தகையதொரு சொல். உடற்பருமனைக் குறைப்பதற்கென இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட ஒருவர் எதிர்பார்த்த அளவுக்கு மெலியாதவிடத்தும், மெலிந்தபின் மீண்டும் பருத்தவிடத்தும், சிகிச்சை தோல்வியுற்றது எனக் கூறப்படுகின்றது. தோற்றது சிகிச்சையா, அதற்கு உட்பட்டவரா? அவருக்கு இரண்டாம் முறை சத்திரசிகிச்சை செய்தல் கடமையா, சலுகையா? இவ்வினாக்கள் மருத்துவத்தின் எல்லையைக் கடந்து அறவியலின் எல்லைக்குட் புகுவன.

பைபாஸ் எனப் பலராலும் அறியப்படும் இச்சிகிச்சையை 1966 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் என்பார் தொடக்கிவைத்தார். புண் காரணமாக இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்பட்டோர் எளிதில் எடை கூடுவதில்லை என்ற அவதானிப்பே அதற்கு அடிப்படையாயிற்று. இன்று வழங்கும் முறையில், இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளத்தக்க சிறு பையொன்று அமைக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியொன்று அதனுடன் இணைக்கப்படும். உண்ணும் அளவு குறைவதோடு, பசியையும் நிறைவையும் உணர்த்தும் குடல் ஓமோன்களின் சுரப்பும் மாறுகின்றது. பலர் இதனாற் பெரும்பயன் அடைந்துள்ளனர் என்பதில் ஐயமில்லை. எனினும் அனைவரும் அடைந்தாரல்லர்.

எடை மீளுவதற்குக் காரணங்கள் பல. சிறு பை காலப்போக்கில் விரிவடையலாம். பையும் குடலும் இணையும் வாய் அகன்றுவிடலாம். ஒதுக்கப்பட்ட பழைய இரைப்பைக்கும் புதிய பைக்கும் இடையே துவாரமொன்று தோன்றி, உணவு பழைய பாதையிற் செல்லத் தொடங்கலாம். இவை உறுப்பமைப்பைச் சார்ந்தவை. நாள் முழுவதும் சிறிது சிறிதாக உண்ணுதல், இனிப்புப் பானங்களைப் பருகுதல், மது அருந்துதல் ஆகியன நடத்தையைச் சார்ந்தவை. ஆயினும் இவ்விரு வகைகளையும் பிரித்துக் காண்டல் எளிதன்று. மிகுதியாக உண்டமையாற் பை விரிந்ததா, பை விரிந்தமையால் நிறைவு தோன்றாது மிகுதியாக உண்டாரா என்பதை எந்தக் கருவியும் திட்டவட்டமாகக் கூறிவிடாது. ஆனால், இப்பிரிவினை மீதே தீர்ப்புகள் எழுகின்றன. அமெரிக்கக் காப்புறுதித் திட்டங்களுட் சில இச்சிகிச்சைக்கு வாழ்நாளில் ஒரு முறையே பணம் வழங்கும். வேறு சில, விதிக்கப்பட்ட உணவு நெறியை நோயாளி கடைப்பிடித்தமைக்குச் சான்று கோரும்.

இதனோடு ஒப்பிடத்தக்க பிறிதொரு சிகிச்சை உண்டு. இரைப்பை மாற்றுவழி தோன்றிய மறு ஆண்டாகிய 1967 இல், கிளீவ்லண்ட் நகரில் ரெனே பவலோரோ, காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு இதயத்தின் முடியுரு நாடிகளுக்கு மாற்றுவழி அமைக்கும் முறையை நிலைநாட்டினார். அவ்வாறு பொருத்தப்படும் நாளங்களுள் கணிசமானவை ஆண்டுகள் செல்ல மீண்டும் அடைபடுகின்றன. அடைப்புக்குப் புகைத்தலும் கொழுப்புணவும் காரணமாதல் கூடும். ஆயினும் அங்கே ‘நாளம் அடைபட்டது’ என்கின்றனர். இங்கே ‘நோயாளி கட்டுப்பாடற்றவர்’ என்கின்றனர். ஒன்றில் உறுப்பு எழுவாயாகின்றது. மற்றதில் மனிதன் எழுவாயாகின்றான். இதயநோய் கண்ணுக்குப் புலப்படாதது. பருமனோ எவர் கண்ணிலும் படுவது. இவ்வேறுபாட்டுக்கு அறிவியலிலும் பார்க்கச் சமூகத்தின் பார்வையே பெரிதும் காரணம் எனலாம்.

நோயாளியைப் பொறுப்பாளியாக்கும் வாதத்துக்கு நீண்ட மரபொன்று உண்டு. அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில், பிறவிக் குருடனை எவரும் பழிப்பதில்லை, குடியினாற் பார்வையிழந்தவனையே பழிப்பர் என வேறுபடுத்துகின்றார். வைத்தியர் சொற் கேளாது நோயை வரவழைத்தவன், எறிந்த கல்லை மீட்க இயலாதவனை ஒத்தவன் என்பதும் அவர் காட்டும் உவமை. கல்லை மீட்க இயலாதெனினும் எறியாதிருத்தல் அவன் கையிலிருந்தது என்பதே அவர் கருத்து.

இவ்வுவமை வலிமையானது. ஆயின், எறிந்த கை முற்றிலும் தன்வசமானதா என்ற வினா அதனுள் அடங்கியே கிடக்கின்றது. 1944-45 இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில் 36 இளைஞர் தாமாக முன்வந்து பங்குகொண்டனர். அவர்கள் மனச்சான்றின் பேரில் ஆயுதமேந்த மறுத்தவர்கள். மனவுறுதியற்றோர் என அவர்களை எவரும் கூறார். எனினும் மாதக்கணக்கான அரைப்பட்டினியில் அவர்தம் எண்ணமும் பேச்சும் கனவும் உணவாகவே மாறின. சிலர் விதியை மீறியும் உண்டனர். மெலிந்த உடல் தான் இழந்ததை மீட்கப் போராடும் என்பதற்கு இது சான்று. 2021 இல் அமெரிக்காவில் எடைக் குறைப்புக்கென அங்கீகரிக்கப்பட்ட செமகுளுட்டைட் என்னும் மருந்தும் இதனையே வேறொரு வகையில் உணர்த்துகின்றது. வாரம் ஒருமுறை ஏற்றும் ஊசி பெருவிருப்பைத் தணிக்குமாயின், அதுகாறும் மனவலிமைக் குறைவு எனப் பெயரிடப்பட்டதன் ஒரு பகுதியேனும் உடலின் இரசாயனமே ஆதல் வேண்டும்.

இதனால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லை என முடிவுகட்டுதல் பிறிதொரு தவறாகும். ஒருவரை ஓமோன்களின் விளையாட்டுப் பொருளாக மட்டும் காண்பது இரக்கம் போலத் தோன்றினும், அவரது சிந்திக்கும் ஆற்றலையும் தெரிந்தெடுக்கும் உரிமையையும் மறுப்பதாகவே முடியும். ஆதலின் பொறுப்பினை இரு வகையாகப் பகுத்து நோக்குதல் தகும். நடந்ததற்குப் பழி சுமத்தும் பொறுப்பு ஒன்று. இனி நடக்கவேண்டியதை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு மற்றொன்று. முன்னையது தண்டனையையும் பின்னையது ஒத்துழைப்பையும் நாடுவது. மருத்துவமனை நீதிமன்றம் அன்றாகையால், அங்கு பொருந்துவது பின்னையதே.

மீள்சத்திரசிகிச்சை எளியதன்று என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. முன்னைய வெட்டுக்களின் தழும்புகளாற் குடல்கள் ஒட்டியிருக்கும். கசிவும் தொற்றும் நேரும் அபாயம் முதற் சிகிச்சையிலும் பார்க்க மிகுதி. உணவு உறிஞ்சப்படும் குடற்பகுதியை மேலும் குறுக்கினால், எடை குறைதல் கூடும். புரதமும் உயிர்ச்சத்துக்களும் போதாது உடல் நலிதலும் கூடும். எனவே வைத்தியர் சில வேளைகளில் மறுக்கவேண்டியவரே. ஆனால் மறுப்பு இரு வகைப்படும். ‘உமக்குத் தகுதியில்லை’ என்ற மறுப்பு ஒன்று. ‘இதனால் உமக்குத் தீங்கு விளையும்’ என்ற மறுப்பு மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஆயின் முதலாவது நோயாளியை வெளியே அனுப்பிக் கதவை அடைக்கின்றது; இரண்டாவது மருந்து, உணவு ஆலோசனை, உளத்துணை என வேறு வழிகளை அவரோடு சேர்ந்து தேடுகின்றது. வளங்கள் அருகிய நாடுகளில் முன்னுரிமை வகுத்தல் தவிர்க்கவியலாதெனின், அதுவும் சிகிச்சையால் விளையத்தக்க பயனை அளவுகோலாகக் கொள்ளலாமேயன்றி, குணத்துக்குப் புள்ளியிடலாகாது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அளவறிந்து உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்துவது. ஆயினும் அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது: நோயுற்றவர், தீர்க்கும் வைத்தியர், மருந்து, உடனிருந்து உதவுவோர். உண்பவரின் கட்டுப்பாட்டை இத்துணை வலியுறுத்திய நூலே, குணமாதலை நால்வர்க்கும் உரிய செயலாகக் கண்டமை கருதத்தக்கது. வெற்றி நால்வரையும் சாருமாயின், தோல்வியையும் நால்வரும் பங்கிட்டுக்கொள்ளுதலே முறை. சிகிச்சை பயன்தந்தவிடத்து வைத்தியரின் திறமையைப் போற்றி, பயன்தராதவிடத்து நோயாளியின் நாவைப் பழிக்கும் கணக்கு நேர்மையானதன்று. இரண்டாம் முறையாக வைத்தியரின் வாயிலில் நிற்பவர், தமது உடலோடு முன்னரே பல ஆண்டுகள் போராடிக் களைத்தவர். அவரிடம் முதலிற் கேட்கவேண்டியது, ‘ஏன் தோற்றீர்?’ என்பதன்று; ‘இனி என்ன செய்யலாம்?’ என்பதே.