செப்பனிடுவோன் கடன்

கேட்ட வேலையைக் குறையின்றிச் செய்து முடித்தவருக்கு அதற்கப்பாலும் கடன் உண்டா? இவ்வினாவை ஒரு பழைய சலவை எந்திரத்தை முன்வைத்து எண்ணிப் பார்க்கலாம். பங்குக் குருவுக்குப் பற்சக்கரத்தோடு என்ன உறவு என்று வாசகர் நகைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்து நியூட்டன் நகரின் மேட்டாக் நிறுவனம், ஈரத்துணியை இரு ரப்பர் உருளைகளுக்கு இடையே செலுத்திப் பிழியும் சலவை எந்திரங்களை 1983 வரை செய்துவந்தது. மின்னிணைப்பை ஏற்காத அமிஷ் குடும்பங்கள் பல இன்றும் அத்தகையவற்றைச் சிறு பெட்ரோல் எஞ்சின் பூட்டி ஓட்டுகின்றன. ஆகவே பழுதுபார்ப்போருக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

எந்திரத்தின் இயக்கப் பகுதி தொட்டிக்கு அடியில் மறைந்திருப்பது. பெல்ட்டின் வழியாக வரும் சுழற்சியைப் பற்சக்கரப் பெட்டி முன்னும் பின்னுமான அசைவாக மாற்றி, துணியை அலசும் நடுத்தண்டுக்குத் தருகிறது. அங்கிருந்து நிமிர்ந்தெழும் வேறொரு தண்டு மேலேயுள்ள உருளைகளைச் சுழற்றுகிறது. நெடுங்காலம் கிடந்த எந்திரத்தில் கிரீஸ் இறுகியிருக்கும், எண்ணெய் கசிந்திருக்கும், பெல்ட் வெடித்திருக்கும். கழற்றித் துடைத்து, தேய்ந்த சக்கரத்தையும் ஆயில் சீலையும் மாற்றினால் ஓடும். உரிமையாளர் கேட்டதும் அவ்வளவே.

ஆனால் உருளைகளின் மேல் ஒரு விடுவிப்பு விசை உண்டு. கை சிக்கினால் அதைத் தட்டியதும் அழுத்தம் நீங்கிவிடும். சோப்பும் துருவும் படிந்து அது இறுகிப் போயிருந்தால்? குழந்தைகளின் கை இவ்வுருளைகளில் சிக்கி நசுங்குவது அக்காலத்தில் அரிதன்று. 1930-களிலேயே அமெரிக்க மருத்துவர்கள் அக்காயத்திற்கென்று தனிப்பெயர் வைத்து எழுதினர்.

"விசையைப் பற்றி எவரும் என்னிடம் கேட்கவில்லை" என்று பழுதுபார்த்தவர் சொன்னால், ஒப்பந்த நீதி அவரிடம் குற்றம் காணாது. கடமை தவறிய பாவம் என்று இதை வகைப்படுத்தலாம். குருமடத்தில் நாங்கள் படித்த பிரிவினை அது. எனக்கு அது போதியதாகத் தோன்றவில்லை. பழுதாகிக் கிடந்தவரை அவ்வெந்திரம் எவருடைய விரலையும் தீண்டவில்லை. அதற்கு மீண்டும் வலுவூட்டியது இவருடைய கை. எவ்வளவு திறமையாகச் சீர்செய்தாரோ அவ்வளவு வலிமையோடு உருளை இழுக்கும். அவருடைய நல்ல வேலையே அந்தத் தீங்குக்கு உயிர் கொடுக்கிறது.

புதுவீடு கட்டுவோர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் விழுந்தவரின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்ட நூல் (22:8). மேலே ஏறச் சொன்னது யார் என்று கேட்க அச்சட்டம் இடந்தரவில்லை.

விசைக்கு உதிரி உறுப்புக் கிடைக்காவிட்டால்? கடினமான இடம் இதுவே. எச்சரித்துவிட்டால் போதும் என்பார் சிலர். எச்சரிக்கையைக் கேட்பவர் தாய். உருளையில் கைவைப்பவனோ நான்கு வயது மகன். ஆதலின் உருளைகளைக் கழற்றித் தனியே கொடுத்து, தொட்டியை மட்டும் ஓடவிடுவதே நேர்மை என்பேன். அந்தத் தாய் துணியைக் கையால் பிழிய வேண்டியிருக்கும். முணுமுணுப்பார், அடுத்த முறை வேறொருவரிடம் எடுத்துச் செல்லவும் கூடும்.