என் ஈரலும் எலியின் ஈரலும்

எனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள, என் ரத்தத்தின் தெளிநீரை ஓர் எலியின் திசுக்கள் மேல் விட்டுப் பார்த்தார்கள். இந்தப் பரிசோதனையின் வழக்கமான முறையே அதுதான். எலியின் ஈரல், சிறுநீரகம், இரைப்பை மூன்றையும் மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். நம் ரத்தத்தில் உள்ள ஆண்டிபாடிகள் அந்தத் திசுவில் எதையாவது பற்றிக்கொண்டால், பிறகு சேர்க்கும் சாயம் அந்த இடத்தை மட்டும் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரவைக்கும். இரைப்பையின் தசையடுக்கு ஒளிர்ந்தால் ஒரு வகை, ஈரலும் சிறுநீரகக் குழாய்களும் சேர்ந்து ஒளிர்ந்தால் வேறொரு வகை. எனக்கு ஒளிர்ந்தது தசையடுக்கு. நோயின் பெயர் ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸ். கிருமிகளை எதிர்க்க வேண்டிய காவல்படை சொந்த ஈரலையே தாக்கும் நோய்.

பினாங்கு ரெசிடென்சி ரோட்டில் இருக்கும் எங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் இதைப் பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்துவிட்டது. ஊருக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது.

கண் மஞ்சளித்து, முகம் வாடி நான் குயின் ஸ்த்ரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போன நாள்களில் இரண்டு கேள்விகள் வந்தன. முதலாவதை என் முதுகுக்குப் பின்னால் கேட்டார்கள்: “டீச்சருக்குத் தண்ணிப் பழக்கம் உண்டா?” அப்படிக் கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது, பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. ஈரல் கெட்டது என்றாலே குடி என்று எங்கள் சனங்கள் நினைப்பதற்குப் பின்னால் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ரத்தமே பதில் சொல்லிவிட்டது. ஹெப்படைட்டிஸ் பி, சி வைரஸ்கள் இல்லை. ஐஜிஜி என்ற புரதம் ஏறியிருந்தது, ஆண்டிபாடிகள் இருந்தன. ஈரலிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கும் அதையே உறுதிசெய்தது.

இரண்டாவது கேள்வியை முகத்துக்கு நேராக, அன்போடுதான் கேட்டார்கள்: “எந்த ஜென்மத்துப் பாவமோ, டீச்சர், உங்களுக்கா இப்படி!”

வினையை நம்புகிறவள் நான். சைவ சித்தாந்தம் தொல்வினை, நுகர்வினை, ஏறுவினை என்று வகுத்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் வினையை அளந்து ஊட்டுபவன் இறைவன் ஒருவனே என்பதும் அதே சித்தாந்தம்தான். அந்தக் கணக்கைப் படிக்கும் அதிகாரம் மனிதர் யாருக்கும் இல்லை. ஆய்வுக்கூடம் எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறது என்று பாருங்கள். தெளிநீரை 1:40, 1:80, 1:160 என்று இரட்டித்து இரட்டித்து நீர்க்கச் செய்து, எதுவரை ஒளிர்கிறது என்று பார்க்கிறார்கள். குறைந்த அளவில் ஒளிர்வது நோயே இல்லாத பலரிடமும் உண்டு. நோய் இருந்தும் ஒளிராதவர்களும் உண்டு. அதனால் இந்த ஒன்றை மட்டும் வைத்து டாக்டர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. நாமோ மஞ்சள் பூத்த ஒரு முகத்தைப் பார்த்ததுமே முற்பிறவிக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

திருக்கொடிமாடச்செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், ஞானசம்பந்தரின் அடியார்களைச் சுரம் பற்றிய கதையைச் சேக்கிழார் சொல்கிறார். அங்கே சம்பந்தர் பாடியது திருநீலகண்டப் பதிகம். நோய் வந்தால் அதைப் பாடு என்று பாட்டிமார் சொல்வார்கள், நாமும் பாடுகிறோம். அதன் பொருளை எத்தனை பேர் நின்று கேட்கிறோம்? முன் செய்ததற்கு இது பலன் என்று பேசிக்கொண்டே உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்றுதான் அந்தப் பிள்ளை தம் அடியார்களைக் கேட்கிறார். வினை இல்லை என்று அவர் சொல்லவில்லை. வினையைச் சாக்காக்கி உட்கார்ந்துவிடாதே என்கிறார். நோயாளிக்கு இதைவிட நேரான உபதேசத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த நோய் வந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்களைத் தின்னும் இன்னொரு எண்ணம் உண்டு: ‘என் உடம்பே என்னை வெறுக்கிறது.’ இரவில் அது எனக்கும் வந்தது. ஜெர்மன் அறிஞர் பால் எர்லிக்கூட 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தன்னையே அழிக்க முற்படாது என்றுதான் கருதினார். 1956இல் மெல்போர்னில் இயன் மக்காய் என்ற மருத்துவர், நாள்பட்ட ஈரல் அழற்சி உள்ள சிலரின் ரத்தத்தில் சொந்த உடலுக்கு எதிரான அடையாளங்களைக் கண்டு எழுதினார். உடல் தன்னையே தாக்கக்கூடும் என்பது அதன் பிறகு மெல்லத் தெளிவானது.

வெறுப்பு என்ற எண்ணத்திலிருந்து என்னை மீட்டது அந்த எலிதான். என் ஆண்டிபாடிகள் பற்றிக்கொண்டது தசையில் உள்ள ஆக்டின் என்ற புரதத்தை. அது எலிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒன்றே. அப்படி இல்லாவிட்டால் இந்தப் பரிசோதனையே நடக்காது. ஆக, என் காவல்படை பகையென்று பிடித்த பொருள் எனக்கென்று தனியாகச் செய்யப்பட்டதல்ல. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார், சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உடல் வேறு உயிர் வேறு என்று நிறுவுகிறார். இது என் உடல் என்று ஒருவர் சொல்வதே, உடையவர் வேறு உடைமை வேறு என்பதற்குச் சான்று என்பது அவர் காட்டும் காரணங்களில் ஒன்று. உடலாகிய தனு, மனம் முதலிய கரணம் எல்லாம் மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து வந்தவை. எலிக்கு உடல் தந்த மாயையே எனக்கும் தந்தது. இதை நான் வகுப்பில் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். கண்ணாடித் தகட்டின் பச்சை ஒளியைப் பற்றி டாக்டர் சொன்னபோதுதான் அது எனக்குள் இறங்கியது. ஈரலில் நடப்பது சண்டைதான். ஆனால் அது என்னை நான் வெறுப்பதல்ல, யாரும் எனக்கு இட்ட சாபமும் அல்ல.

உய்யும் வழிக்கு வருகிறேன். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஷீலா ஷெர்லாக்கும் உடனிருந்தவர்களும் நடத்திய ஆய்வு 1971இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்கள், பெறாதவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள். இன்றும் பிரெட்னிசலோன், அசாதியோபிரின் இரண்டும்தான் பெரும்பாலோருக்கு முதல் மருந்து. அசாதியோபிரின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும். அதைக் கவனிக்கவும் ரத்தம்தான் எடுக்கிறார்கள். ஊசியோடு வரும் மிஸ்ஸியிடம் கை நீட்டும்போது நான் நீலகண்டத்தை மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். தைப்பூச விரதத்திலும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுகிறேன். தண்ணீர்மலை முருகன் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வான் என்று நான் நம்பவில்லை.

வழி தேடு என்பதால் எந்த இலையையும் அரைத்துக் குடிக்கலாம் என்று அர்த்தமாகாது. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்த சிலருக்கு இதே நோய் போன்ற ஈரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். இந்தியாவின் ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. எனக்கு அந்த எச்சரிக்கை போதும். சிலர் அன்போடு கொண்டுவந்து தந்த பொடியை நான் தொடவில்லை.

உங்கள் தெருவில் ஒரு பெண் காரணமில்லாமல் களைத்துப்போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, குடியா என்றும் கேட்காதீர்கள், பாவமா என்றும் கேட்காதீர்கள். “ரத்தம் பார்த்தாயாம்மா?” என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் கிளினிக்குக்குக் கூடவே போங்கள். மாத்திரை தொடங்கியவள் யார் பேச்சையும் கேட்டுத் திடீரென்று நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செலவுக்கு அஞ்ச வேண்டாம்: அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க நம் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவுதான்.